அணைந்த தீயின் புகை

தீயணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு உபயோகமாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஏணி ஏறுவது, குழாய் பிடிப்பது, கயிறு முடிச்சுப் போடுவது எல்லாம் பயிற்சியிலேயே உங்கள் கழுத்தைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே திரும்ப ஓதி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. நான் சொல்லப் போவது ஒரே ஒரு ஆளைப் பற்றி, அவன் எடுத்த ஒரு முடிவைப் பற்றி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

அவன் பேரைச் சொல்ல மாட்டேன். அவன் மகள் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள். யாரும் அவளை நிறுத்தி விசாரிக்க வேண்டாம். ஸ்டேஷனில் நாங்கள் அவனை ஃபாதர் என்று கூப்பிடுவோம். கிறிஸ்தவன், பீடி கிடையாது, சாராயம் கிடையாது, எவ்வளவு கோபம் வந்தாலும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. அப்படிப்பட்டவனுக்கு வேறென்ன பட்டம் கொடுப்பது? தொண்ணூற்று மூன்றில் நானும் அவனும் திண்டிவனத்தில் ஒன்றாக வேலையில் சேர்ந்தோம். அதனால்தான் ‘அவன்’ என்று எழுதுகிறேன். ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு திமிர் உண்டு. எவன் சட்டை கரியாக இருக்கிறதோ அவன்தான் வேலைக்காரன். சலவை மடிப்போடு நிற்பவனை, “இன்னாப்பா, கல்யாணத்துக்கு வந்தியா?” என்று கேட்போம். புகைக்குள் இருமாமல் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதுதான் ஆளை அளக்கும் அளவு. அதில் ஃபாதரை யாரும் மிஞ்ச முடியாது. குடிசை எரியும், வைக்கோல் போர் எரியும், கரும்பு எரியும். தண்ணீர் அடித்துத் தீயை அடக்கிய பிறகு குவியலைக் கிளறி உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கங்குகளை அணைக்க வேண்டும். கிளறுகிற வேலைக்கு அவன்தான் முதலில் போவான். தீதான் அணைந்துவிட்டதே என்று முகத்தில் கட்டிய ஈரத் துண்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் நாங்கள் எல்லோரும் கிளறப் போவோம்.

கிளறி முடித்து வந்தால் வண்டிக்குள் ஒரு டப்பா காத்திருக்கும். நிறைய மல்லாட்டை உருண்டை, வெல்லப்பாகில் பிடித்த வேர்க்கடலை. வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்த புகை இறங்கிவிடும் என்று எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கரி அப்பிய கையை டப்பாவுக்குள் விட்டு ஆளுக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். மருந்து தின்கிறோம் என்ற நினைப்பில், உடம்பில் ஒட்டியிருந்த விஷத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறோம். இந்தக் கூத்தை வேறு எந்த வேலைக்காரனும் செய்திருக்க மாட்டான். பிறகு அதே சட்டையோடு வீட்டுக்குப் போவோம். பெண்டாட்டி அதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத் துணியோடு சேர்த்து ஊறப் போடுவாள்.

வருஷம் ஓட ஓட எரிகிற பொருள் மாறிவிட்டது. ஓலையும் வைக்கோலும் குறைந்து, பிளாஸ்டிக், ஒயர், நுரை மெத்தை, டயர் என்று எரிய ஆரம்பித்தன. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தாலும் மறுநாள் தலையணையில் நாற்றம் அடிக்கும். மனைவி முகத்தைச் சுளிப்பாள். நான் சிரிப்பேன். புகை மாறிவிட்டது, நாங்கள் மாறவில்லை. நான் பரீட்சை எழுதி நிலைய அலுவலர் ஆனேன். அவன் லீடிங் ஃபயர்மேன் ஆனான், அதாவது ஒரு வண்டியில் போகும் ஆட்களுக்குத் தலைவன். சுற்றிச் சுற்றி இரண்டு பேரும் மறுபடி ஒரே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு நாள் காலையில் டூட்டி மாறும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

“முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் வர்றியா? ஒண்ணுக்குப் போனா ரத்தம் வருது.”

“எத்தினி நாளா?”

“கொஞ்ச நாளாத்தான். சூடுன்னு நெனச்சேன். மோர் குடிச்சிப் பாத்தேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதனையெல்லாம் முடிந்து ரிப்போர்ட் வந்த அன்றும் கூடவே இருந்தேன். சின்ன வயசு லேடி டாக்டர். மூத்திரப்பையில் கட்டி, புற்றுநோய் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

“பீடி, சிகரெட் பழக்கம் உண்டுங்களா?”

“இல்லீங்க.”

“சாயப்பட்டறை, ரப்பர் கம்பெனி, அந்த மாதிரி எங்கயாவது வேலை செஞ்சிருக்கீங்களா?”

“இல்லீங்கம்மா. ஃபயர் சர்வீஸ்.”

அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எரியிற புகையிலயும் கரியிலயும் அங்கெல்லாம் இருக்கிற மாதிரி கெமிக்கல் இருக்குதுங்க. மூச்சுல மட்டும் போறதில்ல, தோல் வழியாவும் எறங்கும். வேர்த்து நிக்கிறப்ப இன்னும் சுளுவா போவும். உங்களுக்கு அதாலதான் வந்துதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு அப்பிடி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உங்க வேலையில இருக்கிறவங்களுக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி. கூட வேலை செய்யிறவங்களையும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவன் சொன்ன முதல் வார்த்தை, “இத யார்கிட்டயும் சொல்லிடாத.”

அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ஹைவேயில் டிபன் கடை வைத்திருந்தார். மரியாதையான குடும்பம்தான். இருந்தாலும் பெண்ணின் அப்பனுக்குக் கேன்சர் என்றால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இது வீட்டோடு வர்ற வியாதி, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்பார்கள். கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார்.

“மூணு ஓலையும் முடியட்டும். கல்யாணம் முடியட்டும். மறுநாளே பெட்டுல படுத்துக்கிறேன்.”

“ரத்தமாப் போய்க்கினு இருக்குது, ஒனக்குக் கல்யாணம் பெருசா?”

“பொண்ணுடா,” என்றான். எனக்கும் பெண் இருக்கிறாள்.

அன்றிலிருந்து அவன் போக்கு மாறியது. மல்லாட்டை டப்பாவை வண்டியிலிருந்து தூக்கிவிட்டான். தீயிலிருந்து திரும்பினால் கையும் முகமும் கழுவாதவன் டீ கிளாஸைத் தொடக் கூடாது என்றான். கரிச் சட்டையை வீட்டுக்குக் கொண்டு போகாதே என்றான். ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டான். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், டாக்டர் பேச்சு வரும், கடைசியில் விஷயம் வெளியே வந்துவிடும். காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டால் யார் கேட்பார்கள்? “சம்பந்தி வூடு வந்ததும் ஃபாதரு சுத்தபத்தம் பாக்குறாருப்பா” என்று கிண்டல் செய்தார்கள். அதிலும் வேலு என்று ஒருவன், மயிலம் பக்கத்து விவசாயக் குடும்பம், நல்ல உழைப்பாளி, மூக்குக்கு மேல் கோபம். ஃபாதர் புகைக்குள் நின்ற கதைகளையெல்லாம் கேட்டு, அதே மாதிரி நிற்க வேண்டும் என்று வேலைக்கு வந்தவன். “அவரு பண்ணதத்தான நாங்க பண்றோம். இப்ப வேணாம்னா இன்னா அர்த்தம்?” என்று என்னிடமே வந்து கேட்டான். எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. பேஜாராகிவிட்டது.

முதல் ஓலை வாசித்த வாரம்தான் அந்த அழைப்பு வந்தது. பட்டப்பகல். ஹைவேயை ஒட்டி ஒரு குடோன், உள்ளே பழைய பிளாஸ்டிக்கும் ஒயர் தோலும் நாற்காலி நுரையும் கூரை வரைக்கும். நாங்கள் போய் இறங்கும்போது கரும்புகை ரோட்டை மறைத்து, லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. பின்பக்கம் ஒரு களமும் வைக்கோல் போர்களும் இருந்ததால் நான் பாதி ஆட்களோடு அந்தப் பக்கம் ஓடினேன். முன்பக்கத்தை ஃபாதரிடம் விட்டேன். முதுகில் காற்று உருளை மாட்டிக்கொண்டு போகும் மூச்சுக்கருவி எங்களிடம் இரண்டு இருந்தது. அதை மாட்டிக்கொண்டு போனவர்கள் தீயை அடக்கிவிட்டார்கள். உருளையில் காற்று தீர்ந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து வேறு உருளை கேட்டிருந்தோம், அந்த வண்டி டிராபிக்கில் மாட்டிக்கொண்டது.

இங்கேதான் தம்பிகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். சுவாலை எரியும்போது பயம் இருக்கும், பயம் இருந்தால் ஜாக்கிரதை இருக்கும். சுவாலை விழுந்து வெறும் புகையாக வரும்போது எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்தப் புகைதான் மோசமான புகை.

முன்பக்கம் சத்தம் கேட்டு நான் சுற்றிக்கொண்டு வந்தேன். ஏகப்பட்ட கூட்டம். குடோன்காரர் ஃபாதர் முன்னால் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“நெருப்புதான் அணைஞ்சி போச்சே. உள்ள கோடியில புது மெஷின் நிக்குது. நாலு பேரு பூந்து குப்பைய இழுத்துப் போட்டா தப்பிச்சிக்கும். ஜல்தி போங்கன்னா இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க?”

“உள்ள ஆளு யாரும் இல்லீங்களே?” என்று ஃபாதர் கேட்டான்.

“ஆளு இல்ல. மெஷின்தான்.”

“அப்ப எங்க ஆளுங்களும் உள்ள போவ மாட்டாங்க. சிலிண்டர் வர்ற வரைக்கும் வெளியே இருந்துதான் தண்ணி அடிப்போம்.”

“தண்ணி அடிச்சி இருக்கிறதையும் நாசம் பண்ணுங்க” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பாவம், அவர் பிழைப்பு அது. கூட்டத்தில் ஒருவன், “ஃபயர் சர்வீஸே புகைக்குப் பயந்துக்கினு நிக்குதுப்பா” என்றான். சிரிப்பு. இன்னொருவன் செல்போனில் படம் பிடித்தான்.

இது வேலுவுக்குப் பொறுக்கவில்லை. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஷட்டரை நோக்கி நடந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஃபாதர் எட்டி வேலுவின் பெல்ட்டைப் பிடித்தான்.

“வுடுங்கண்ணே. மானம் போவுது.”

“போவட்டும். நில்லு.”

“ஏன் நிக்கணும்? நீங்க போவல? உங்கள மாதிரி ஆளு இல்லன்னுதான எல்லாரும் சொல்றாங்க. இப்ப ஏன் பயப்படுறீங்க?”

ஃபாதர் ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அங்கே அவன் சம்பந்தி நின்றார். அவர் டிபன் கடை பக்கத்தில்தானே, எங்கள் ஆட்களுக்காகத் தூக்குவாளியில் டீயும் கிளாஸுமாக வந்து நின்றிருந்தார். சம்பந்தி நிற்பது ஃபாதருக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தான்.

“எனக்குக் கேன்சர்டா, வேலு.”

பெல்ட்டை விடவில்லை. சத்தமும் போடவில்லை. ஆனால் அவ்வளவு பேருக்கும் கேட்டது.

“மூத்திரப்பையில. பீடி புடிச்சவன் இல்ல, குடிச்சவன் இல்ல நான். தீ அணைஞ்சதும் வெறும் மூஞ்சோட பூந்து பூந்து கெளறுனவன். இதாலதான் வந்துதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், டாக்டரே பண்ணல. ஆனா தெரிஞ்சதுக்கப்புறம் உன்ன உள்ள வுட்டுட்டு, வூட்டுக்குப் போயி சோறு துன்ன என்னால முடியாதுடா.”

செல்போன்காரன் கையைக் கீழே இறக்கினான். குடோன்காரர் என் பக்கம் திரும்பி, “சார், ஆபீசர் நீங்க சொல்லுங்க” என்றார். குரலில் பழைய வேகம் இல்லை.

“அவரு சொன்னதுதாங்க ஆர்டர்” என்றேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறேன். அவ்வளவு பெருமையோடு நான் சொன்ன உத்தரவு அது ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை.

வேலு துண்டை அவிழ்த்தான். குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே இருந்தே தண்ணீர் அடித்தான். உருளை வந்த பிறகு கருவி மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு பேராக உள்ளே போனார்கள். மெஷின் தப்பவில்லை. குடோன்காரர் மேலிடத்துக்குப் புகார் கொடுத்தார், அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டேன். நான் அன்று கவலைப்பட்டது அதைப் பற்றி இல்லை. சம்பந்தி தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, டீயை யாருக்கும் ஊற்றாமலே போய்விட்டார். ஃபாதர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“போச்சி” என்றான் என்னிடம்.

வீட்டில் மனைவிக்கும் அன்றுதான் சொன்னான். அந்த அம்மா அழவில்லையாம். “ஹைவேல போற லாரிக்காரனுக்கெல்லாம் தெரிஞ்சிடிச்சி. எனக்குத்தான் கடைசி” என்று சொல்லிவிட்டு அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டது. சோறு மட்டும் நேரத்துக்குத் தட்டில் விழுந்தது. மகள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கு வாசிக்க மாட்டார். “கூட வந்து உக்காருடா” என்று ஃபாதர் கூப்பிட்டான். நான் மயிலம் முருகனைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் போய் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனையோ எரிகிற கூரைக்கடியில் அவனோடு நின்றிருக்கிறேன், அவன் திரும்பி வாசலைப் பார்த்து நான் கண்டதில்லை. அன்றைக்கு மூன்று தடவை பார்த்தான்.

பூசை முடிகிற சமயம் சாமியார் ஒரு காகிதத்தை எடுத்தார். வேறு ஒரு ஜோடியின் பேரை வாசித்தார். இருமினார். பிறகு அவன் மகள் பேரை வாசித்தார், மாப்பிள்ளை பேரையும் வாசித்தார். நான் எந்த சாமிக்கு நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்தால் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். அவர் வேறு பங்கு, அவர் ஊருக்குத் தனிக் கோயில் உண்டு, இந்தக் கோயிலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. நேராக வந்து ஃபாதர் கையைப் பிடித்தார்.

“வூட்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துடும்னாங்க. நான் எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போயி, பொதுவா இந்த வியாதி அப்பன்கிட்டேர்ந்து புள்ளைக்கு வருமான்னு கேட்டேன். அப்பிடி வர்றது ரொம்ப அபூர்வம், வேலையால வந்திருக்கலாம்னாரு. அவரு சொல்லலன்னாலும் நான் வந்திருப்பேங்க. நான் டீ வெச்சிக்கினு நின்னத நீங்க பாத்தீங்க. பாத்துட்டுத்தான சொன்னீங்க?”

ஃபாதர் தலையாட்டினான்.

“யாரோ பெத்த பசங்களுக்காக சொந்தப் பொண்ணு கல்யாணத்தையே பணயம் வெச்சீங்க. எம்புள்ளைக்கு இப்பிடி ஒரு மாமனாரு வேற எங்க போயித் தேடுவேன்? ஆனா ஒண்ணு சம்பந்தி. மொதல்ல ஆபரேஷன், அப்புறந்தான் கல்யாணம். ஓலை எங்கயும் ஓடிப் போவாது. நீங்க நடந்து வந்து பொண்ணைக் கை புடிச்சிக் குடுக்கணும்.”

ஃபாதரின் மனைவி, அந்த அம்மா, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. “நல்லா கேளுங்க சம்பந்தி. நான் சொன்னா எங்க கேக்குறாரு” என்றது. நான் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்தார்கள், மூத்திரப்பைக்குள் மருந்து விட்டார்கள். கல்யாணத்தன்று மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனான், மெலிந்துபோன உடம்பில் சட்டை தொளதொளவென்று தொங்க. எங்கள் ஸ்டேஷனில் டூட்டி இல்லாத அத்தனை பேரும் போய் நின்றோம். வேலு பந்தியில் இலை எடுத்தான். வேலைக்குத் திரும்பிய ஃபாதருக்கு லேசான டூட்டி கொடுத்தேன். அந்த லேசான டூட்டியில் அவன் எங்கள் உயிரை எடுத்தான். கரியோடு எவனும் வண்டியில் ஏறக் கூடாது, கழுவாத கை வாய்க்குப் போகக் கூடாது, அழுக்குச் சட்டை தனி மூட்டை. கருவி இல்லாமல் கிளறப் போனவன் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான், கெட்ட வார்த்தை இல்லாமலே. இப்போது காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

வியாதி சில வருஷம் ஒதுங்கியிருந்து மறுபடி வந்தது. இந்தத் தடவை விடவில்லை. ரிட்டயர் ஆகும் வயது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போனான், அந்த மட்டில் எனக்கு ஆறுதல். அடக்கத்துக்கு நாங்கள் யூனிபார்மில் போனோம். துவைத்து மடித்த யூனிபார்ம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வேலு என் பக்கத்தில் நடந்து வந்தான். அதற்குள் அவனும் லீடிங் ஆகியிருந்தான். மெயின் ரோடு வந்ததும் கேட்டான்.

“சார், அன்னிக்கி குடோன்ல அவரு தடுக்காம வுட்டிருந்தா, நம்மள்ல யாருக்கு வந்திருக்கும்?”

“அத எப்பிடிச் சொல்றது? ஒருத்தனுக்கும் வராமக் கூட இருந்திருக்கலாம்.”

“அப்ப அவரு காப்பாத்துனது யாருன்னு தெரியாதா?”

“தெரியாது. அவனுக்கும் தெரியாது.”

வேலு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அப்ப நான்தான்னு வெச்சிக்கிறேன் சார்” என்றான்.

நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.